மதிய இடைவேளைக் கச்சேரியில் ஹார்மோனிகாவும் பியானோவும்: பாஹ் ஏன் இடறியது, ‘ரொமான்ஸ்’ ஏன் இடறவில்லை?

மூன்றாம்வரிசை எழுதியது:

சென்ற வாரம் மதிய இடைவேளையில் நடந்த ஒரு கச்சேரியைக் கேட்டேன். குரோமாடிக் ஹார்மோனிகா (பொத்தானை அழுத்தினால் அரைச் சுரங்களும் கிடைக்கும் மவுத் ஆர்கன்) ஒருவர், பியானோ ஒருவர். இடைவேளை இல்லாமல் ஏறத்தாழ 50 நிமிடம். ஒலிபெருக்கி வைக்கவில்லை. பியானோவின் மூடியைச் சிறிய கோலில் நிறுத்தியிருந்தார்கள்.

நிகழ்ச்சி நிரல் இது: பாஹ் பெயரில் வழங்கும் ஈ ஃபிளாட் மேஜர் புல்லாங்குழல் சொனாட்டா முதலில், அடுத்து கோர்டன் ஜேக்கப் 1957-இல் எழுதிய ‘ஐந்து சிறு படைப்புகள்’, பியானோ தனியாக டெபுஸ்ஸியின் ‘கிளேர் டி லூன்’, பிறகு வான் வில்லியம்ஸின் டி ஃபிளாட் ‘ரொமான்ஸ்’, கடைசியாக பார்டோக்கின் ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’.

நான் எந்தக் கருவியும் வாசிப்பவன் அல்லன், கேட்பவன் மட்டுமே. இருந்தாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பாஹ் முழுவதும் அந்த வாசிப்பாளர் எதையோ கட்டி இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது. வேகமான பகுதியில் ட்ரில்கள், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களை விரைவாக மாறி மாறி ஒலிக்கும் அலங்காரங்கள், தடுக்கின; மெதுவான பகுதியில் நீண்ட சுரங்களின் மேல் ஒரு மெல்லிய அலையடிப்பு கேட்டது, அது அவர் கையால் எழுப்பிய அதிர்வு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். அதே மனிதர் ‘ரொமான்ஸ்’ வாசித்தபோது அரங்கில் ஒருவரும் இருமவில்லை. திறமை அரை மணி நேரத்தில் கூடிவிடாது. ஆகவே காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். அது எங்கே?

சிறிய ஐயங்கள் இரண்டும் உண்டு. அவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் மூன்று கருவிகள் துணிமேல் வைக்கப்பட்டிருந்தன. பாஹ் முடிந்ததும் ஒன்றை மாற்றினார், பார்டோக்குக்கு முன் மறுபடியும் மாற்றினார். அரைச் சுரம் அனைத்தும் ஒரே கருவியில் கிடைக்கும் என்றால் ஏன் மாற்ற வேண்டும்? மேலும், பியானோ தனியாக ஒலித்த ஐந்து நிமிடமும் அவர் ஒரு ஹார்மோனிகாவை அக்குளில் இடுக்கியபடியே நின்றார். அருகில் இருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை; ஏதோ காரணம் இருக்கும் என்றே தோன்றியது.

பன்னிருதுளை எழுதியது:

அக்குளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடை எளிது. குளிர்ந்த கருவிக்குள் சூடான மூச்சு போனால் உள்ளே ஈரம் படியும். குரோமாடிக் ஹார்மோனிகாவில் ரீட்களின் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகளின்) துவாரங்களை ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக் இதழ்கள், அதாவது வால்வுகள், ஒட்டப்பட்டிருக்கும். ஊதும்போது உறிஞ்சும் ரீட்டின் வழியாகக் காற்று வீணாகாமல் அடைப்பதும், உறிஞ்சும்போது ஊதும் ரீட்டை அடைப்பதும் அவற்றின் வேலை. ஈரம் பட்டால் அவை தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். சுரம் ஒரு கணம் தாமதித்து, ‘பட்’ என்ற ஒலியோடு வரும். அதனால்தான் கையிலோ, சட்டைக்குள்ளோ, அக்குளிலோ வைத்து உடற்சூட்டிற்குக் கொண்டுவந்து வாசிக்கிறோம். மேடையில் பார்க்க அழகாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது முக்கியமான கேள்வி. 12 துளைக் கருவியில் ஒவ்வொரு துளைக்கும் நான்கு ரீட்கள், ஆக 48. துளையில் ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் ஒரு சுரம். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் அரைச் சுரம் உயரும். சி-யில் தொடங்கும் மேஜர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். சி ஊதல், டி உறிஞ்சல், ஈ ஊதல், எஃப் உறிஞ்சல், ஜி ஊதல், ஏ உறிஞ்சல், பி மறுபடியும் உறிஞ்சல், மேல் சி ஊதல். படிப்படியாக ஏறும் எளிய ஒரு வரிக்கே மூச்சு ஆறு முறை திசை மாறுகிறது. வயலினில் வில் திசை மாறுவதைப் போலத்தான் இதுவும், ஆனால் வயலின்காரர் எட்டுச் சுரங்களை ஒரே வில்லில் இழுத்துவிடலாம், எங்களால் முடியாது. திசை மாறும் இடம் காதுக்குத் தெரியாமல் மறைப்பதற்கே பல ஆண்டுகள் போகின்றன.

ட்ரில் இன்னும் மோசம். பொத்தானை மட்டும் படபடக்க வைத்துக் கிடைக்கும் ட்ரில் அழகாக இருக்கும்: ஈ–எஃப், ஏ–பி ஃபிளாட், பி–சி போன்றவை. முழுச் சுர இடைவெளி வந்தால் கதை மாறும். ஈ ஃபிளாட் மேஜரில் ஒரு வரி முடிகிற இடத்தில் பழைய இசை வழக்கமாகக் கேட்கும் ட்ரில் எஃப்–ஜி. எஃப் இரண்டாம் துளையில் உறிஞ்சல், ஜி மூன்றாம் துளையில் ஊதல். மூச்சையும் மாற்றி, துளையையும் மாற்றி, நொடிக்குப் பல முறை ஓட வேண்டும். தாங்கள் கேட்ட தடுக்கல் அந்த மனிதரின் தடுக்கல் அன்று. கருவியின் அமைப்பு அங்கே முழங்காலை மடக்குகிறது. நான் அந்த இடங்களில் ட்ரில்லை விட்டுவிட்டு ஒரே ஒரு அலங்காரச் சுரத்தோடு நிறுத்திக்கொள்வேன். அது நேர்மையானது என்று நினைக்கிறேன், தூய்மைவாதிகள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

கறார் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அது என் பக்கத்தைத்தானே வலுப்படுத்துகிறது? ஒரு கருவியால் ஒரு வரிசையை ஆறு மூச்சு மாற்றங்கள் இல்லாமல் வாசிக்க முடியாது, ட்ரில் வராது, கார்ட் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) இரண்டோ மூன்றோதான் வரும் என்றால், அதை எதற்காக சொனாட்டா மேடையில் ஏற்ற வேண்டும்? மவுத் ஆர்கன் சிறுவர்களின் சட்டைப் பையில் இருந்த கருவி. அதற்கென்று ஓர் இனிமை உண்டு; அதை மறுக்கவில்லை. புல்லாங்குழலுக்கு எழுதியதைப் பிடுங்கி அதற்குக் கொடுப்பது, கடன் வாங்கிய சட்டையை அளவு பாராமல் மாட்டிக்கொள்வது போலத்தான்.

இடக்கை எழுதியது:

பியானோ வாசிப்பவன் என்ற முறையில் பேசுகிறேன். ஹார்மோனிகாவுடன் பல முறை அமர்ந்திருக்கிறேன்.

கறார் அவர்களே, புல்லாங்குழல் இசை ஹார்மோனிகாவுக்கு உண்மையில் பெரிய அளவு மாறாத சட்டைதான். 12 துளைக் கருவியின் மிகக் கீழ்ச் சுரமும் சாதாரண மேற்கத்தியப் புல்லாங்குழலின் கீழ்ச் சுரமும் ஒன்றே, நடு சி. அதனால் எதையும் மேலே தூக்கவோ வெட்டவோ வேண்டியதில்லை. வயலின் இசையில்தான் இடிக்கும்: வயலின் கீழே ஜி வரை போகும், 12 துளைக் கருவிக்கு அந்தக் கடைசி ஐந்து அரைச் சுரங்கள் கிடையாது. பார்டோக்கிற்கு முன் அவர் கருவியை மாற்றினார் என்று மூன்றாம்வரிசை எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். அந்த நடனங்களை 1915-இல் பார்டோக் பியானோவுக்கு எழுதினார். மேடைகளில் அதிகம் கேட்கப்படுவது ஸேகெய் செய்த வயலின்–பியானோ வடிவம். அதை வாசிக்க 16 துளைக் கருவியை எடுத்திருப்பார். அது ஒரு ஸ்தாயி கீழே தொடங்கும்.

ஆனால் நான் எழுத வந்தது மூடியைப் பற்றி. சிறிய கோலில் நிறுத்தியது சரி. பலர் ஹார்மோனிகா என்றதும் மூடியை முழுவதும் சாத்தச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் பியானோவின் சத்தம் குறைவதை விடத் தெளிவு அதிகமாகக் குறைகிறது. மேலே உள்ள மினுக்கம் போய், நடுவில் உள்ள கலங்கல் அப்படியே நிற்கிறது. ஹார்மோனிகாவின் கீழ் ஸ்தாயி, அதாவது முதல் நான்கு துளைகள், பியானோவின் அந்தக் கலங்கலுக்குள்தான் இருக்கிறது. மேல் துளைகள் எதையும் கிழித்துக்கொண்டு வரும். கீழ்த் துளைகள் பாவம், மென்மையானவை. ஆகவே நான் செய்வது மூடியைத் திறந்து வைத்து, வலது பெடலை மிகக் குறைத்து, இடக்கையின் நடுப்பகுதிக் கார்ட்களை மெலியவிட்டு, அடிச்சுரத்தை மட்டும் தெளிவாக வைப்பது. ஆழத்தில் ஒரு சுரமும் உயரத்தில் ஒரு வரியும் இருந்தால் ஹார்மோனிகாவுக்கு நடுவில் ஓர் அறை கிடைக்கும்.

இன்னொன்று. பக்கவாத்தியம் என்று என்னை அழைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் இந்த ஜோடியில் அந்தச் சொல் பாதி உண்மைதான். பியானோவின் சுரம் அடித்த கணத்திலிருந்து தேயத் தொடங்குகிறது. ஹார்மோனிகாவின் சுரம் தொடங்கிய பிறகு வளர முடியும். நான் ஒரு கார்டை அடித்துவிட்டு அது தேயும்போது அவருடைய சுரம் அதே இடத்தில் பெருகி வருவதைக் கேட்பது, பியானோ வாசிப்பவனுக்கு எளிதில் கிடைக்காத அனுபவம். என் சுரம் அவர் வழியாக நீள்வது போல இருக்கும். பாஹ் சொனாட்டாவில் அதற்கு இடம் அதிகம் இல்லை; இரு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ரொமான்ஸ்’ முழுவதும் அதுதான். தங்கள் கேள்விக்கு என் பாதி விடை இது.

பழைய இசைத்தட்டு எழுதியது:

கறார் அவர்கள் “சட்டைப் பை” என்று எழுதியதால் சில ஆண்டுகளை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

லாரி ஆட்லர் (1914–2001) இந்தக் கருவியைக் கச்சேரி மேடைக்கு இழுத்து வந்தவர்களில் முதன்மையானவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் மியோ அவருக்காக 1942-இல் ஒரு தொகுப்பு எழுதினார். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதால் ஆட்லர் பிரிட்டனில் குடியேறினார்; அந்தக் காலத்து ஹார்மோனிகா படைப்புகளில் பிரிட்டிஷ் பெயர்கள் இவ்வளவு தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். வான் வில்லியம்ஸ் 1951-இல் ‘ரொமான்ஸ்’ எழுதினார், அடுத்த ஆண்டு அரங்கேறியது. மால்கம் ஆர்னால்டின் கான்செர்டோ 1954. அதே சமயத்தில் ஜான் செபாஸ்டியன் என்ற மற்றொரு கலைஞருக்காக வில்லா-லோபோஸ், செரெப்னின் இருவரும் கான்செர்டோ எழுதினார்கள். இவர்கள் எல்லாம் விளையாட்டுப் பொருளுக்காக நேரத்தைச் செலவிட்டவர்கள் என்று சொல்ல மனம் வருமா?

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் டாமி ரெய்லி (1919–2000). கனடாவில் பிறந்தவர், லைப்சிக்கில் வயலின் படித்துக்கொண்டிருந்தபோது உலகப் போர் தொடங்கி ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். போர் முடியும் வரை முகாம்களில் இருந்தபடியே ஹார்மோனிகாவைச் செம்மைப்படுத்தினார். வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸ் ஒரு வரியை எப்படி வளைக்கிறார் என்பதையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். அவர் நெவில் மேரினர் நடத்திய செயின்ட் மார்ட்டின் இசைக்குழுவோடு செய்த பதிவில் ‘ரொமான்ஸ்’, ஜேக்கப்பின் ஐந்து படைப்புகள் இரண்டும் உள்ளன. கறார் அவர்கள் அதை ஒரு முறை கேட்டுவிட்டு வந்து பேசட்டும். குறிப்பாக ஜேக்கப்பின் நான்காவது, இரங்கல் பாடலை.

சிறு திருத்தம்: அந்த ஈ ஃபிளாட் சொனாட்டாவை பாஹ்தான் எழுதினாரா என்பதே ஆய்வாளர்களிடையே விவாதத்தில் இருக்கிறது. மூன்றாம்வரிசை “பாஹ் பெயரில் வழங்கும்” என்று எழுதியது சரியான சொல்லாட்சி.

கறார் எழுதியது:

பெயர்ப் பட்டியல் வாதம் ஆகாது. பெரிய இசையமைப்பாளர்கள் நண்பர்களுக்காக எதையும் எழுதுவார்கள். இருந்தாலும் பதிவைக் கேட்கிறேன்.

சுருதிச்சாவி எழுதியது:

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். “மெல்லிய அலையடிப்பு” என்று படித்ததும் நின்றுவிட்டேன். யாரும் அதைத் தொடாதது வியப்பாக இருக்கிறது.

மேடைப் பியானோ ஏ = 440 (ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) என்று சேர்க்கப்பட்டிருக்கலாம். ஹார்மோனிகாத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கருவியைச் சற்று உயர்த்தி, 442 அல்லது 443-இல் சேர்க்கிறார்கள். இது தவறுதலாக நடப்பது அல்ல; ஹார்மோனிகாவில் உள்ளது போன்ற கட்டற்ற ரீட்டை அழுத்தி ஊதினால் அதன் சுருதி சற்றுத் தாழும். ஆகவே பலமாக வாசிக்கும்போது சரியான இடத்துக்கு வந்து சேரட்டும் என்று முன்கூட்டியே ஏற்றி வைக்கிறார்கள். இப்போது ஒருவர் 442 கருவியில் மிக மென்மையாக ஏ-யை நீட்டுகிறார், பியானோவில் 440-இல் அதே ஏ ஒலிக்கிறது என்றால் நொடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். ஒரு ஸ்தாயி மேலே போனால் நான்கு முறை. தாங்கள் கேட்டது அதுதான். அழுத்தி வாசிக்கும் பகுதியில் மறைந்திருக்கும், மெதுவான பகுதியில் வெளிப்பட்டிருக்கும்.

ஆர்மோனியம் வாசிப்பவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள், குடும்பம் ஒன்றுதான். ரீட்டுக்கு முறுக்காணி கிடையாது. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், அதை மேடையில் செய்ய முடியாது. பியானோவைத்தான் கருவியின் பக்கம் நகர்த்த வேண்டும். கச்சேரிக்கு இரண்டு நாள் முன் வாசிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பியானோவை 442-இல் சேர்த்துவிடலாம். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் பியானோ ஏதோ மலை போல அசையாமல் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மூன்றாம்வரிசை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சுருதிச்சாவி அவர்கள் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது: அலையடிப்பு மென்மையான இடங்களில்தான் இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். ‘ரொமான்ஸ்’ பெரும்பாலும் மென்மையானது, அதில் நான் எந்த அலையடிப்பையும் கேட்கவில்லை. கருவி மாறியதாலா? அல்லது நான் கேட்பதை நிறுத்திவிட்டு வெறுமனே லயித்துவிட்டேனா?

மற்றொன்றும் கேட்க வேண்டும். டெபுஸ்ஸி முடிந்து கைதட்டல் அடங்கியதும் ‘ரொமான்ஸ்’ தொடங்கியபோது, புதிய படைப்பு தொடங்கியது போலவே இல்லை. ஏற்கெனவே இருந்த அறைக்குள் இன்னொருவர் வந்து அமர்ந்தது போலிருந்தது. இது என் கற்பனையா?

பன்னிருதுளை எழுதியது:

கற்பனை இல்லை. ‘கிளேர் டி லூன்’ டி ஃபிளாட் மேஜர், ‘ரொமான்ஸ்’ டி ஃபிளாட். நிரலை அமைத்தவர் காது உள்ளவர். ஐந்து நிமிடம் அந்தச் சுருதியில் தங்கள் காதை ஊறவைத்துவிட்டு, கலைந்து போகுமுன் ஹார்மோனிகாவை உள்ளே விட்டிருக்கிறார். அந்த ஐந்து நிமிடத்தில் உதடுகளுக்கும் ஓய்வு கிடைக்கும், கருவியும் சூடாகும்.

டி ஃபிளாட் எங்களுக்கு ஏன் இவ்வளவு வசதி என்பதையும் சொல்ல வேண்டும். சி-யில் சேர்த்த குரோமாடிக் கருவியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டால் முழுக் கருவியும் டி ஃபிளாட் கருவியாகிவிடுகிறது. சாதாரணமாக மேலே கறார் சொன்னதுபோல மேஜர் கார்ட் என்று எங்களுக்குக் கிடைப்பவை இரண்டுதான்: ஊதினால் சி மேஜர், பொத்தானோடு ஊதினால் டி ஃபிளாட் மேஜர். இரண்டாவதைத் தாய்ச் சுருதியாக வைத்து எழுதினால், மூன்று ஸ்தாயியிலும் எங்கே வாயை வைத்தாலும் வீட்டுக் கார்ட் கிடைக்கும். பிறகு அலங்காரங்கள். சி மேஜரில் பொத்தானைத் தட்டினால் சுரத்துக்கு மேலிருந்து ஓர் உரசல் வரும். டி ஃபிளாட்டில் பொத்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. விரலை ஒரு கணம் தளர்த்தினால் சுரத்துக்குக் கீழிருந்து நெளிந்து ஏறும். அழுத்துவதால் அன்று, விடுவதால் பிறக்கும் அலங்காரம் அது. பாடுபவர்கள் ஒரு சுரத்தைக் கீழிருந்து தொட்டு எடுப்பதற்கு அருகில் வருகிறது.

இன்னும் ஒரு வசதி, இதைக் கேட்பவர்கள் கவனிப்பதில்லை. எஃப், சி ஆகிய இரண்டு சுரங்களும் எங்களுக்கு இரண்டு வழிகளில் கிடைக்கின்றன. எஃப்-ஐ உறிஞ்சலாம், அல்லது ஈ-யைப் பொத்தானோடு ஊதலாம். சி-யை ஊதலாம், அல்லது பி-யைப் பொத்தானோடு உறிஞ்சலாம். முன்பின் சுரங்களின் மூச்சுத் திசையைப் பார்த்து எந்தக் கதவு வழியாக நுழைவது என்று முடிவு செய்வோம். என் இசைத்தாள்களில் சுரங்களை விட அம்புக்குறிகள் அதிகம்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. குழல் வாசிப்பவர்களுக்கு மூச்சு தீர்ந்துபோகும் என்பதுதான் அச்சம். எங்களுக்கு மூச்சு நிறைந்துபோகும் அச்சமும் உண்டு. உறிஞ்சும் சுரங்கள் அடுத்தடுத்து வந்தால் நெஞ்சு பலூன் போல ஆகி, அடுத்த சுரமும் உறிஞ்சல் என்றால் கண் பிதுங்கும். மூக்கு வழியாகச் சிறிது சிறிதாகக் களவாக வெளியேற்றுவோம். வேகமான பழைய இசையில் எழுதியவருக்கு இந்தக் கவலை இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் விரல்களையும் வில்லையும் நினைத்து எழுதினார். ஹார்மோனிகாவுக்கென்றே எழுதுபவர் வரியின் நீளத்தை மூச்சின் போக்குவரத்துக்கு ஏற்ப வைக்கிறார். தாங்கள் “கட்டி இழுத்தல்” என்று கேட்டதும், பிறகு அது காணாமல் போனதும் இந்த வேறுபாடுதான்.

இடக்கை எழுதியது:

மேலே உள்ளதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நான் ஹார்மோனிகாவுடன் வாசிக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, தோள்பட்டையைப் பார்க்கிறேன். உறிஞ்சித் தொடங்கும் வரிக்கும் ஊதித் தொடங்கும் வரிக்கும் தோள் வேறுவிதமாக அசையும். குழலுக்கு முன் வரும் மூச்சு எனக்குத் தாளக் குறிப்பு. இங்கே மூச்சே முதல் சுரமாக இருக்கலாம், அதனால் முன்னறிவிப்பே கிடைக்காது. ஒத்திகையில் இதற்கே பாதி நேரம் போய்விடும்.

வாசிப்பவர் இசைத்தாளின் தண்டை எங்கே வைக்கிறார் என்பதும் முக்கியம். ஹார்மோனிகாவின் ஒலி கைக்குவியின் பின்பக்கமாக வெளியேறுகிறது. தாளைக் குனிந்து பார்த்தால் கைகள் நெஞ்சோடு மூடிக்கொண்டு ஒலி தரையை நோக்கிப் போய்விடும். மனப்பாடமாக வாசித்தாரா?

மூன்றாம்வரிசை எழுதியது:

பாஹ் தாளைப் பார்த்து. ‘ரொமான்ஸ்’ மனப்பாடமாக, கண்களை மூடி, தலையை நிமிர்த்தி. தாங்கள் கேட்கும் வரை அதை நான் இணைத்துப் பார்க்கவே இல்லை.

மதியமணி எழுதியது:

மதியக் கச்சேரிகளை ஒருங்கிணைக்கும் பணியில் இருப்பவன் நான். இந்த வடிவமே ஹார்மோனிகாவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மணி நேர மாலைக் கச்சேரியில் ஹார்மோனிகா தனித்து நின்றால் காதும் சலிக்கும், உதடும் தாங்காது. 50 நிமிடம், நடுவில் ஒரு தனிப் பியானோ என்பது சரியான அளவு. கேட்பவர்களும் வேறு மனநிலையில் வருகிறார்கள். அலுவலகத்துக்கு நடுவில் வந்து அமர்ந்தவர் “இது சொனாட்டா மேடைக்கு உரிய கருவிதானா” என்று கேட்பதில்லை, ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்.

இந்த வடிவத்துக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. போர்க்கால லண்டனில் இருட்டடிப்பால் மாலை அரங்குகள் மூடியிருந்தபோது, ஓவியங்கள் பாதுகாப்புக்காக அகற்றப்பட்டு வெறுமையாக நின்ற நேஷனல் கேலரியில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபர் 10 அன்று மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். வார நாட்கள் அனைத்திலும், 1946 ஏப்ரல் 10 வரை, மொத்தம் 1,698 கச்சேரிகள் நடந்தன. குண்டு விழுந்த நாட்களில் அடித்தளத்துக்கு இறங்கி வாசித்திருக்கிறார்கள். மதிய நேரம் என்றால் இலேசான இசை என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாம்வரிசை விவரிக்கும் நிரலை வைத்துப் பார்த்தால் அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்தவர்களை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கருவி மாற்றத்தைப் பற்றி அந்த வாசிப்பாளரிடமே கேட்டுச் சொல்கிறேன்.

கறார் எழுதியது:

பதிவைக் கேட்டேன், இரண்டு முறை. ஜேக்கப்பின் கடைசி நடனம் எனக்கு இன்னும் திருவிழா இசையாகவே படுகிறது, அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அந்த இரங்கல் பாடல் வேறு. ஒரு சுரம் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் உள்ளே வந்து, தேவையான அளவு கனத்து, அடங்கியது. குழலில் தொடக்கத்தில் ஒரு காற்று உரசல் இருக்கும், வயலினில் வில்லின் பிடி இருக்கும். இங்கே எதுவும் இல்லை. அதை வேறு எந்தக் கருவிக்குக் கொடுத்தாலும் குறைந்துபோகும் என்று தோன்றியது.

ஆகவே என் கருத்தைத் திருத்தி எழுதுகிறேன்: ஹார்மோனிகா மேடைக்கு வரட்டும், தன் வீட்டுச் சட்டையோடு வரட்டும். பாஹை விட்டுவிடட்டும்.

பன்னிருதுளை எழுதியது:

பாஹை விடமாட்டோம், ஐயா. எங்களுக்கென்று எழுதப்பட்டவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றை மட்டும் வாசித்தால் ஐந்து கச்சேரியில் பெட்டி காலியாகிவிடும். மேலும், ட்ரில்லில் இடறினாலும் பாஹ் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை ‘ரொமான்ஸ்’ சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் ஒன்றை ஏற்கிறேன்: சொனாட்டாவின் மெதுவான நடுப்பகுதியை மட்டும் எடுத்து வாசித்தால் போதும். அது ஜி மைனரில் இருக்கிறது. அங்கே வழக்கமான முடிவு ட்ரில் ஏ–பி ஃபிளாட், பொத்தானிலேயே கிடைக்கும்.

மதியமணி எழுதியது:

வாசிப்பாளரிடம் பேசிவிட்டேன். அவர் இந்த இழையைப் படித்துவிட்டுச் சிரித்தார், அனுமதியோடு எழுதுகிறேன்.

முதல் மாற்றம்: பன்னிருதுளை சொன்னதுதான். பாஹின் கடைசிப் பகுதியில் இரண்டாம் துளையின் வால்வு ஒட்டத் தொடங்கிவிட்டது. அதே வகையைச் சேர்ந்த மாற்றுக் கருவியை எடுத்தார். அக்குளில் இருந்தது அந்த மாற்றுக் கருவி. பார்டோக்கிற்கு எடுத்தது 16 துளை. இடக்கை ஊகித்தது சரி.

ஆனால் சுருதிச்சாவி அவர்களும் சரி. பியானோ அன்று காலை 440-இல் சேர்க்கப்பட்டிருந்தது. முதல் கருவி 442-இல் உள்ளது. மாற்றுக் கருவி பழையது, பல முறை பழுது பார்த்தது. அதை அவரே ஒரு முறை 440-க்கு இறக்கி வைத்திருந்தாராம், வேறொரு அரங்கின் பியானோவுக்காக. அன்று வால்வு ஒட்டியிருக்காவிட்டால் ‘ரொமான்ஸ்’ முழுவதும் 442 கருவியில்தான் வாசித்திருப்பார்.

சுருதிச்சாவி எழுதியது:

அடுத்த முறை என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். காலையில் அல்ல, இரண்டு நாள் முன்பே.

மூன்றாம்வரிசை எழுதியது:

ஆக, எனக்குப் பிடித்த ஆறேழு நிமிடங்களுக்கு ஒட்டிக்கொண்ட ஒரு பிளாஸ்டிக் இதழும் காரணம். அடுத்த மாதம் அதே இருவரும் மீண்டும் வாசிக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. இடக்கை சொன்னபடி தோள்பட்டை தெரியும் பக்கமாக, மூன்றாம் வரிசையை விட்டு ஓரத்தில் அமரப் போகிறேன். பன்னிருதுளை அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி பாக்கி: பார்டோக்கின் முதல் நடனத்தில் கீழ்ச் சுரங்கள் பியானோவை விட ஓர் இழை பின்தங்கியே வந்தன. அது 16 துளைக் கருவியின் இயல்பா, நான் தவறாகக் கேட்டேனா?

பன்னிருதுளை எழுதியது:

சரியாகவே கேட்டீர்கள். கீழ் ஸ்தாயி ரீட்கள் நீளமானவை, கனமானவை. அசையத் தொடங்கவே சற்று நேரம் எடுக்கும். வாசிப்பவர் தாளத்துக்கு ஓர் இழை முன்பே மூச்சைத் தொடங்க வேண்டும். அடுத்த மாதம் தோளைப் பார்க்கும்போது, அந்தக் கீழ்ச் சுரங்களுக்கு மட்டும் அது சற்று முந்தி அசைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.